குட்டையோடு சேர்ந்த கூரைகள்

வீணா ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியாரைத் தனியே கூப்பிட்டபோது நான் பக்கத்துக் குழாயடியில் இருந்தேன். குடம் நிரம்பிவிட்டது. அவர்கள் பேசி முடியட்டும் என்று வழியவிட்டேன்.

எங்கள் மர்பி டவுனிலேயே தன் மருமகள்தான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள் என்று வள்ளியம்மாவுக்குப் பெருமை. என்ன வேலை என்று கேட்டால் மட்டும் “சேட்லைட்டு” என்று வானத்தைக் காட்டுவாள். நான் வீணாவையே குடைந்து தெரிந்துகொண்டேன். மேலேயிருந்து எடுத்த படம் முழுக்கப் பொடிப் புள்ளிகளாம். நிறம் ஒத்துப்போகிற அண்டை அயல் புள்ளிகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாக்கும். இது ரோடு, இது தோப்பு, இது வீடு என்று பெயர் வைப்பது இவள் பாடு. துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அதிகாரி ஸ்ரீஹர்ஷா தீர்மானிப்பார். பெரிய துண்டென்றால் வேலை சீக்கிரம் முடியும். கல்யாணத்தில் சட்டை நிறத்தைப் பார்த்தே மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் போட்டோக்காரர் மாதிரிதான்.

அன்று திரையில் வந்தது எங்கள் தெரு. பின்னால் வற்றிய குட்டை. எங்கள் ஷீட் கூரையும் குட்டைச் சேறும் ஒரே சாம்பல். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே துண்டாக்கியிருந்தது. பெயர், காலிப் படுகை. குட்டைக்கு வேலி போட கார்ப்பரேஷன் கேட்ட மேப் அது. திங்கட்கிழமை அங்கே போகிறது; போனால் எங்கள் வீடுகளும் வேலிக்குள்.

“உன் சாராண்ட சொல்றதுதானே?”

“சொன்னேன் அத்த. ஒரு தெருவுக்காக முழுப் படத்தையும் திருப்பி ஓட்ட முடியாதுன்றாரு. வேணும்னா லீவு நாள்ல வந்து கையால பிரிச்சு வை, பாக்கலாம்னாரு.”

“மேல இருந்து பாத்தா வீடு தெரியாதாடி?”

“சேத்துக் கலர்ல கீது அத்த, கூரை.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கோமளத்திடம் மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூரைமேல் இருந்தது. முனை வீட்டு முனிராஜ் ட்ரம்மில் காவி கரைத்தான். ஆணி அடிக்கவே வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு நிற்கும் குடித்தனக்காரர்கள் எல்லாம் அன்று யாரையும் கேட்கவில்லை. ஏணி விஷயத்தில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த கோமளமும் வள்ளியம்மாவும் அதே ஏணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள்.

சாயங்காலம் வீணா ஆபீஸிலிருந்து திரும்பினாள். கண் சிவந்திருந்தது. தெருமுனையிலேயே மடக்கினேன்.

“பிரிச்சிட்டியாம்மா?”

“ஒவ்வொரு கூரையா கோடு போட்டிருக்கேன் ஆன்ட்டி. சார் ஒத்துக்கணும், காலைல தெரியும்.” பிறகுதான் நிமிர்ந்தாள். “இது என்ன?”

“மேலேர்ந்து தெரியணுமில்ல.”

அவள் குரலைத் தணித்தாள். “அந்தப் படம் போன மார்ச்சுல எடுத்தது.”

அதற்குள் கூரை விளிம்பிலிருந்து வள்ளியம்மா கத்தினாள். முழங்கை வரை காவி. “இன்னாடி, இப்போ தெரியுதா?”

வீணா என்னைப் பார்த்தாள். “நல்லாத் தெரியுது அத்த.”

அதற்குப் பிறகு அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை, மழை வந்துவிட்டது. வாசல்களில் நின்று பார்த்தோம். காவி கோடு கோடாகக் கரைந்து, சாக்கடையை நிரப்பி, கொல்லைப்புறமாக இறங்கி, வற்றிய சேற்றில் பரவியது. கூரைகளில் திட்டுத் திட்டாக மிச்சமிருந்தது. குட்டையும் மெல்ல அதே நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.