அவள் எடைக்கான காற்று

சொல்லிவிடலாமா? சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன தேய்ந்தா போகும்? ஆனால் சிரித்து முடித்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்களே. சொல்லாவிட்டாலும் தள்ளிக்கொண்டுதான் போகப்போகிறார்கள். அப்படியென்றால் சொல்லிவிட்டுப் பறிகொடுப்பதா, வாயை மூடிக்கொண்டு பறிகொடுப்பதா?

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றுவிட்டது. ஹாலில் கணவர் போனில் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோடா. இங்க சும்மாதான நிக்குது. துண்டு காயப்போடறதுக்குத்தான் ஆகுது."

மறுமுனையில் கொழுந்தன். குடும்பத்தில் அவனுக்கு 'ஒரு வாரம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஒரே ஒரு வாரம், அண்ணி" என்றுதான் கேட்பான். ஏணி அப்படித்தான் போனது. பெரிய சூட்கேஸ் போனது. சுவரில் துளை போடுகிற மிஷின் போனது. அவற்றையெல்லாம் பார்க்கவேண்டும்போல் இருந்தால் அவன் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்துவிட்டு வரலாம். அழைத்துக்கொண்டு வரமுடியாது.

இப்போது வண்டிக்கு முறை வந்திருந்தது.

அது மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த பேட்டரி சைக்கிள். குலுக்கலைத் தாங்க முன்சக்கரத்துக்கும் ஷாக், பின்சக்கரத்துக்கும் ஷாக். சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், யாரும் போகச் சொல்லாததால் தங்கிவிட்ட விருந்தாளியைப்போல் நின்றிருந்தது. டாக்டர், "தினமும் கொஞ்சம் நடங்க" என்றதற்குக் கணவர் வாங்கிவந்தது. நடக்கச் சொன்னதற்கு மலையேறும் வண்டியா என்று கேட்க அவளுக்கு வாய்வரைக்கும் வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

வாங்கிய மறுநாளே தெருமுனையில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே பறந்து வேலியோரப் புதருக்குள் போய் உட்கார்ந்தார். முழங்கையில் ஒரு கீறல். மற்ற அடியெல்லாம் கௌரவத்துக்கு. அதற்குப்பிறகு அவர் வண்டியை ஓட்டவில்லை, விளக்கினார். வீட்டுக்கு யார் வந்தாலும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ஃபுல் சஸ்பென்ஷன். கல்லு மேல ஏறினாலும் உள்ள இருக்கிற தண்ணி தளும்பாது" என்பார். உள்ளே எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை.

அவளுக்குச் சின்ன கிளினிக்கில் நர்ஸ் வேலை. மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. கணவர் காலையிலேயே ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் தரை துடைப்பதற்காக வண்டியை நகர்த்தியவள், பேட்டரியில் இன்னும் உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினாள். திரை வெளிச்சம் காட்டியது. கீழே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றினால்தான் என்ன? லிப்டுக்குள் வண்டியைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிளில் ஊரைச் சுற்றியவள்தான். கால் மறக்கவில்லை.

பெடலை ஒரு மிதி மிதித்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ மெல்லத் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. மோட்டார்தான். ஏற்றம் வந்தது, மறுபடி தள்ளல். மேட்டின் உச்சியில் நின்றபோது, தன்னை இத்தனை தூரம் ஏற்றிவிட்டு அதைச் சொல்லிக்காட்டாத ஒன்றை வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தித்திருப்பதாக அவளுக்குப் பட்டது. கொஞ்சம் அழுகைகூட வந்தது. சைக்கிளைப் பார்த்து அழுகிற பைத்தியம் நானாகத்தான் இருப்பேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு காலைகள் அவளுடையவை ஆயின. ஏரிக்கரைக்குப் பின்னால் கரடு என்று ஒரு சின்னக் கல்குன்று இருந்தது. ஆடுகளும் அவளும் மட்டும் போகிற கல்பாதை. முதலில் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தண்ணி தளும்பாது என்றாரே, எனக்குக் குடலே தளும்புகிறதே என்று வீட்டுக்கு வந்து பெட்டியைக் குடைந்தாள். கூட வந்த புத்தகத்தில் விஷயம் இருந்தது. ஷாக்குக்குள் இருப்பது காற்று. ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி அதை வைக்கவேண்டும். கடைக்காரன் கணவரின் எடைக்கு ஏற்றி அனுப்பியிருந்தான். அதற்கென்று தனிப் பம்பும் உறை பிரிக்காமல் கிடந்தது. பிரித்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னக் குழாய், கைப்பிடி, முள் ஓடுகிற வட்டமான டயல். கிளினிக்கில் அவள் கையில் இருக்கிற பி.பி. பார்க்கிற சாமானுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பிரஷர் பார்த்தாள். கூடுதல். கொஞ்சம் இறக்கினாள். ஏறி உட்கார்ந்து, ஷாக்கின் தண்டிலிருந்த ரப்பர் வளையம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். முன்பக்கத்துக்கும் அப்படியே. மறுநாள் கரட்டில் அதே கற்கள்தான். கீழே சக்கரங்கள் குதித்துக்கொண்டிருந்தன, மேலே அவள் மிதந்துகொண்டிருந்தாள். நடுவில் யாரோ எல்லா இடியையும் வாங்கிக்கொண்டு அவளிடம் மூச்சு விடவில்லை. வீட்டில் அது அவள் பார்க்கிற வேலை. அவளுக்கும் ஒரு ஆள் அமர்த்தியதுபோல் இருந்தது.

ஓட்டிவிட்டு வந்ததும் கணவர் கழித்துப்போட்ட பல் பிரஷ்ஷால் டயர் இடுக்கில் இருக்கும் மண்ணைத் தேய்த்து எடுப்பாள். துடைத்து, பழைய இடத்தில் நிறுத்தி, மேலே துண்டைப் போட்டுவிடுவாள். சாயங்காலம் அவர் வண்டியைத் தடவிப் பார்த்து, "பாத்தியா, எவ்வளவு நாளாச்சு, இன்னும் புதுசு மாதிரியே வெச்சிருக்கேன்" என்பார். அவளும் "ஆமாங்க" என்பாள்.

ஏன் சொல்லவில்லை என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. சொன்னால் அவர் தடுக்கமாட்டார். விளக்குவார். ஹெல்மெட், கியர், எந்தப் பாதை, எந்த வேகம். ஒரு வாரத்தில் அந்தக் கரடு அவருடையதாகிவிடும். அவள் அதில் அனுமதி வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை 'ஒரு வாரம்' புது ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கினான். வண்டியைக் கீழே கொண்டுபோனார்கள். காவலுக்கு இருந்த வாட்ச்மேன் எழுந்து கேட்டைத் திறக்க வந்தார்.

"அண்ணி, ஒரே ஒரு வாரம்" என்றபடி அவன் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான்.

வண்டி உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் பெருமூச்சு விட்டுக்கொண்டே இறங்கி, 'டொக்' என்று அடியில் தட்டி நின்றது. பதறிப்போய்க் கைப்பிடியிலிருந்த விசையை அழுத்தினான். அது சீட்டை ஏற்றி இறக்குகிற விசை. சீட்டும் போனது. முழங்கால் இரண்டும் மோவாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டன.

"அண்ணே! இது என்ன சைக்கிளா, பீன் பேக்கா?"

"நீ என்ன பண்ண?"

"உக்காந்தேண்ணே! உக்காரத்தான செஞ்சேன்!"

கணவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை ஆராய்கிறவர். யார்மேலாவது பழி போடாமல் எந்த ஃபைலையும் மூடியதில்லை. குனிந்து பார்த்தார், சுற்றிவந்தார், டயரை விரலால் சுண்டினார். "ஓட்டாமலே வெச்சிருந்தோம்ல, காத்து தானா எறங்கிருக்கு. பராமரிப்புக் குறைபாடு" என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஓட்டாமலா?" என்றார் வாட்ச்மேன். "தினம் காலைல அம்மா ரிப்பேருக்குன்னு சொல்லி எடுத்துட்டுப் போறாங்களே சார். நானே கேக்கணும்னு இருந்தேன், அது என்ன சார் சரியாகவே மாட்டேங்குது?"

கேட் பாதி திறந்தபடி நின்றது. கணவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"வண்டி கடைசியா எப்ப ஓடுச்சு?"

"நேத்து."

"யாரு ஓட்டினது?"

"நான்தான்."

"எங்க?"

"கரட்டுல."

"கரட்டுலயா? மேலயா?"

"மேல போய்ட்டு, கீழயும் வருவேன்."

கொழுந்தன் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து சிரிக்க ஆரம்பித்தான். "அண்ணி! நீங்களா? புடவையோடயா?" அவள் எதிர்பார்த்த சிரிப்புதான். வந்தது, போனது. பார்த்தால், பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. பிளட் டெஸ்ட் ஊசி மாதிரி. கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள். அங்கே இருந்தது வேறொன்று. புதருக்குள் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம்.

"உனக்கு சைக்கிள் தெரியும்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையேங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. காத்துதான் பிரச்சனைன்னா, நீயே எறக்கினது, நீயே ஏத்திடு. அவன் கனத்துக்கு வெச்சுக் குடு. வாக்குக் குடுத்துட்டேன்."

"எவ்வளவு இருக்கப் போறேன் அண்ணி, எழுபதுக்குள்ளதான்" என்றான் கொழுந்தன், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. தினமும் மனிதர்களைத் தராசில் ஏற்றி இறக்குகிறவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூச்சை விட்டுவிட்டான்.

பம்ப் அவள் கைப்பையில்தான் இருந்தது. சாவியும். அவள் மனசுக்குள் ஒரு நியாயஸ்தி எப்போதும் உட்கார்ந்திருப்பாள். அந்த நியாயஸ்தி இப்போது, வண்டி அவர் வாங்கினது, என்றாள். உண்மைதான். அவருக்கு வேண்டுமென்றால்? கொடுத்துவிடுவேன், மனசார. ஏணியும் அவர் வாங்கினதுதான், சூட்கேஸும் அவர் வாங்கினதுதான், என்றாள் அதே நியாயஸ்தி, கொஞ்சம் தயங்கி.

அவள் கணவரைப் பார்த்தாள்.

"நீங்க ஓட்டறதா இருந்தா சொல்லுங்க. இப்பவே உங்க எடைக்கு ஏத்தித் தரேன்."

"நானா? நான் எதுக்கு இப்ப..." அவர் கை தானாக முழங்கையைத் தடவியது. "அவனுக்குத்தான் கேக்கறேன்."

"அவருக்கு வேணாங்க."

"வேணாம்னா?"

குரலை உயர்த்தாமல், கிளினிக்கில் 'டாக்டர் இன்னிக்கு இல்லீங்க' என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். "இது என் எடைக்கு வெச்சது. அப்படியே இருக்கட்டும். எறங்கிக்கோங்க தம்பி, மெதுவா. அந்த விசையத் தொடாதீங்க."

அவன் இறங்கினான். பின்பக்கம் பெருமூச்சோடு எழுந்து நின்றது. அவள் விசையை அழுத்திச் சீட்டைத் தன் உயரத்துக்கு வரவைத்தாள். ரப்பர் வளையத்தை விரலால் பழைய இடத்துக்குத் தள்ளினாள். வண்டியை லிப்டை நோக்கி உருட்டிக்கொண்டு போனாள்.

பின்னால் வாட்ச்மேன் கேட்டார்: "அம்மா, அப்ப நாளைக்கு ரிப்பேர் உண்டா?"

"உண்டு" என்றாள்.