நடந்தே போன ஒலிம்பிக்

பொன்மணி ஓடி ஏழெட்டு வருஷமாகிவிட்டது. பஸ் கிளம்பினாலும் ஓடமாட்டாள், மழை வந்தாலும் ஓடமாட்டாள். நடைப்போட்டிக்காரிக்கு ஓட்டம் ஆகாது. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் ஊன்றிய காலின் முட்டி, உடம்பு அதைத் தாண்டும்வரை மடங்கக் கூடாது. இந்த இரண்டு விதிக்குள் அடங்கிக்கொண்டு, மற்றவர்கள் ஓடுகிற வேகத்தில் இருபது கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்படி நடந்தால் இடுப்பு தானாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத் தாயில்பட்டி சனம் சிரிக்காத நாள் கிடையாது.

தினமும் காலையில் வெம்பக்கோட்டை ரோட்டில்தான் பயிற்சி. பட்டாசுக் கம்பெனி வேன் ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற நேரமும் அதுதான். வேனை ஓட்டுகிறவர் அவள் அப்பா வேலுச்சாமி. உள்ளே வேலைக்குப் போகிற பெண்களோடு அம்மா இருளம்மாளும் இருப்பாள்.

“ஏ பொன்மணி, வயித்தக் கலக்குதா? இம்புட்டு வேகமாப் போற!” என்று முத்துமாரி ஜன்னல் வழியே கத்துவாள். வேன் குலுங்கிச் சிரிக்கும். வேலுச்சாமி ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு கியரை மாற்றுவார்.

பொன்மணிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டியில் விசிலும் கையுமாக வருவாள் கீர்த்திகா. அவள்தான் கோச். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற காளிராஜின் மகள். பொன்மணியின் வயதுதான். ஒரு காலத்தில் மாவட்டப் போட்டிகளில் இருவரும் எதிரெதிராக நடந்தவர்கள். கீர்த்திகாதான் வேகம். ஆனால் ஒவ்வொரு முறையும் முட்டி மடங்கி, சிவப்பு அட்டை வாங்கி, பாதியில் வெளியே போவாள். கடைசியில் ஒருநாள் ஷூவைக் கழற்றிவிட்டுப் பொன்மணியிடம் வந்தாள்.

“எம் முட்டி மடங்குறது எனக்கே தெரிய மாட்டேங்குதுடி. ஆனா உன் முட்டி எனக்கு நல்லாத் தெரியுது. பேசாம நான் உனக்குக் கோச்சா இருக்கேன்.”

கோச் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் பொன்மணி இன்றைக்கும் இதைத்தான் சொல்வாள். நம் கண்ணுக்குத் தெரியாத நம் முட்டியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருகிற ஒருத்தி.

ஒலிம்பிக்குக்கான உலகத் தரவரிசை வந்தபோது, தேர்வானவர்களுக்கு ஓர் இடம் பின்னால் நின்றாள் பொன்மணி. ஒரே ஓர் இடம். யாராவது விலகினால்தான் உண்டு. அடுத்தவள் காலுக்கு ஏதாவது ஆகட்டும் என்று சாமி கும்பிட மனசு வரவில்லை. அதனால் கோயிலுக்கே போகாமல் நடந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குக் காலையில் பின்னாலிருந்து விசில் விடாமல் கேட்டது.

“நேராத்தானடி இருக்கு!” என்று திரும்பாமலே கத்தினாள் பொன்மணி.

“முட்டிய விடுடி! ஒருத்தி வெலகிட்டா! உன்ன எடுத்துட்டாங்க!”

பொன்மணி நின்றாள். அடுத்த நொடி ஓடினாள். செருப்பில்லாத பிள்ளைகள் ஓடுவதுபோல, முட்டி மடங்க, இரண்டு காலும் ஒன்றாகக் காற்றில் பறக்க, ரோட்டின் நடுவே ஓடினாள். எதிரே வந்த வேனை வேலுச்சாமி பதறி நிறுத்தினார். இருளம்மாள் குதித்து இறங்கினாள்.

“யாத்தி, என்னடி ஆச்சு? நாய் வெரட்டுதா?”

“ஒலிம்பிக்கும்மா!”

மொத்த வேனும் இறங்கிவிட்டது. முத்துமாரி தூக்குவாளி மூடியைத் தட்டித் தாளம் போட, நடுரோட்டில் குலவை. வேலுச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

வேன் தாமதமாகப் போனதால் கம்பெனி வாசலில் ஃபோர்மேன் முனியராஜ் கத்தக் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வெடி போட அவர் கை தீப்பெட்டியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவியது. ஊரையே அதிர வைக்கிற சரக்கு உள்ளே மலையாகக் கிடந்தாலும் அங்கே ஒரு தீக்குச்சியை உரச முடியாது. ஆகவே எல்லோரும் கை சிவக்கக் கை தட்டினார்கள்.

ஒலிம்பிக் நடந்த ஊரில், ஒரு பெரிய சாலையில் சுற்றிச் சுற்றி வரவேண்டும். முதல் சில சுற்றுகளிலேயே பொன்மணிக்கு இரண்டு சிவப்பு அட்டை விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் இரண்டு நிமிஷம் ஓரமாக நிற்க வைத்துவிடுவார்கள். ஓடுகிறவளுக்கு ஆசை வந்தால் காலை விட்டுவிடலாம். நடக்கிறவள் ஆசை வரும்போதுதான் காலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பயத்தில் தோள் இறுகி, கழுத்து மரத்து, ஆளாளுக்கு அவளைத் தாண்டிப் போனார்கள்.

தடுப்புக்கு அப்பால் கீர்த்திகா நின்றாள். படித்து வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

“முட்டி! ஏ, முட்டி! முட்டி!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் அதுதான் பெயர் என்று நினைத்துவிட்டார்கள் போல. பொன்மணி அடுத்த சுற்று வரும்போது தொப்பி போட்ட ஒரு பெரியவர், அவர் மனைவி, கொடி பிடித்த கூட்டம் எல்லோரும் சேர்ந்து, “முட்டீ! முட்டீ!” என்று ஆரவாரம் போட்டார்கள். அதற்கடுத்த சுற்றில் அந்த ஓரம் முழுக்க அதே கோஷம்.

பொன்மணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. சிரித்ததில் தோள் இளகியது, மூச்சு இறங்கியது, கால் தன் பாட்டுக்கு நீண்டது. முன்னால் போனவர்களில் நாலைந்து பேரைத் தாண்டினாள். மூன்றாவது அட்டை விழவே இல்லை. முப்பத்தி மூன்றாவதாக வந்தாள். அவள் வாழ்நாளிலேயே அதுதான் நல்ல நேரம். கோட்டைத் தாண்டிப் படுத்தவளுக்குச் சிரிப்பதா மூச்சு வாங்குவதா என்று தெரியவில்லை.

ஊர் திரும்பும்போதுதான் பயம் வந்தது. முப்பத்தி மூன்று என்று எப்படிச் சொல்வது?

“ஒனக்குப் பின்னாடி யாரும் வந்தாகளா?” என்று வீட்டுக்குள் நுழையுமுன்பே கேட்டாள் இருளம்மாள்.

“வந்தாகம்மா. பத்துப் பதினஞ்சு பேரு.”

“ஒலகத்துலயா?”

“ஆமா.”

“அப்பறம் எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

மறு ஞாயிற்றுக்கிழமை வேன் பெண்களே ஒரு நடைப்போட்டி வைத்தார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து பஜனை மடம் வரை. பரிசு, காளிராஜ் கொடுத்த எவர்சில்வர் குடம். நடுவர் பொன்மணி. கீர்த்திகா விசில் ஊதினாள்.

பத்தடிக்குள் முத்துமாரி ஓட ஆரம்பித்தாள். சிவப்பு அட்டை. வள்ளித்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பறந்தாள். சிவப்பு அட்டை. இருளம்மாளுக்கும் காட்டியதும் ரோட்டிலேயே சண்டை.

“நான் எங்கடி ஓடுனேன்? பெத்தவளுக்கே அட்டையா?”

“ரெண்டு காலும் மேல இருந்துச்சும்மா.”

“கால் ரெண்டும் மேல இருந்தா நான் என்ன பறந்தா வந்தேன்?”

கீர்த்திகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டி மேலேயே சாய்ந்துவிட்டாள். மடத்து வாசலைச் சேர்ந்தபோது அத்தனை பேரும் அவுட். ஒருத்தி மட்டும் வெகு பின்னால், முழங்கால் வலியில் காலை மடக்க முடியாமல், அசைந்து அசைந்து வந்தாள். குருவம்மாள்.

“குருவம்மாக்கா! நீங்கதான் ஜெயிச்சீக!” என்று பொன்மணி குடத்தோடு எதிரே போனாள்.

குருவம்மாள் நிற்கவே இல்லை.

“தள்ளு தாயி, குளாயில தண்ணி வர்ற நேரம். நான் போட்டிக்கா வந்தேன்?” என்று சொல்லிவிட்டு அதே நடையில் கோட்டைத் தாண்டித் தெருவுக்குள் போய்விட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு பொன்மணி அவள் பின்னால் ஓட, அட்டை வாங்கியவர்கள் எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டு பொன்மணியின் பின்னால் ஓடினார்கள்.