கையுறைப் பதிவேடு

வக்கீல் அறைக்குப் படிகள் இருபத்திரண்டு. பதினாலாவது படியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார். பதினேழு வருஷம் தோட்டக் கம்பெனிக்காக முதுகில் டேங்கைச் சுமந்து, தோட்டம் தோட்டமாகக் களைக்கொல்லி அடித்த மனுஷன். கழுத்துக் கட்டி புற்றுநோய் என்று தெரிந்து மூன்று முறை மருந்து ஏற்றியபின், சொந்த உடம்பே சுமையாகிவிட்டது.

"மெதுவா வாங்க. வக்கீலம்மா எங்க ஓடிடப் போறாங்க?" என்றாள் மனைவி.

மேலே, வக்கீலம்மாவின் முகம் சரியில்லை.

"டாக்டர் கடிதம் நல்லா இருக்கு. களைக்கொல்லியால வந்திருக்கலாம்னு தெளிவா எழுதியிருக்கார். ஆனா நம்ம நோட்டீஸுக்குக் கம்பெனி இதை அனுப்பியிருக்கு." நகல் கட்டு ஒன்றை மேசையில் வைத்தார். "கையுறை, முகமூடி குடுத்த பதிவேடு. மாசாமாசம் உங்க கையெழுத்து. நாங்க குடுத்தோம், அவர்தான் போடலைங்கிறாங்க."

"கையுறையா? டேங்க் குழாய் முனை, அந்த நாசில், அடைச்சுக்கிட்டா வாயால ஊதிட்டு, அந்த வாயாலயே சோறு தின்னவர் இவரு" என்றாள் மனைவி. அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வாங்காததுக்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டாத்தான் சூப்பர்வைசர் டேங்கைக் கையில குடுப்பான். என்னோடது மட்டுமில்ல. கூட இருந்த பத்துப் பேருக்கும் நான்தான் போடுவேன். வரிசை கட்டி நின்னா வெயில் ஏறிடும். நான் வேகமா எழுதுவேன். ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு மாதிரி, யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நல்லவேளை, பேங்க்ல வேலை கிடைக்கல" என்றாள் மனைவி.

"கோர்ட்ல இதைச் சொன்னா பதிவேடே பொய்னு காட்டலாம்" என்றார் வக்கீலம்மா. "ஆனா கள்ளக் கையெழுத்துன்னு உங்க மேலயே பாய்வாங்க. சொல்லலைன்னா கேஸ் நிக்காது. தாக்கல் பண்ண இன்னும் பத்தொன்பது நாள்தான் கெடு. யோசிங்க."

அவர் யோசிக்கவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கினார். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கையால், வெள்ளைத்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனார். சாய்ந்தது, கிறுக்கல், கோடிழுத்தது. எல்லாம் நகலில் இருந்தவையேதான். ஒன்பது ஆனதும் கை நின்றது.

"அடுத்தது ஒட்டகத்தோடது."

"யாரு?"

"நெட்டையா இருப்பான். முதுகுல டேங்க் ஏறினா அசல் ஒட்டகம். நான் வெச்ச பேருதான். அவன் செத்து ரெண்டு வருஷமாச்சு. ஏப்ரல் மாசம்."

வக்கீலம்மா நகல்களைப் புரட்டினார். அந்த வருஷ மே மாசத்துத் தாளில் விரல் நின்றது. ஜூனிலும் நின்றது. இரண்டு மாசமும் ஒட்டகம் கையுறை வாங்கியிருந்தான்.

வக்கீலம்மா கையிலிருந்து அந்தத் தாள்களை அவர் வாங்கிப் பார்த்தார்.

"பாடையைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். திரும்பி வந்து... கை பழகிப்போச்சு, வக்கீலம்மா."

"இறப்புச் சான்றிதழ் கிடைச்சா இந்தப் பதிவேடு நிக்காது. அவங்க வீட்டுல இருக்குமா?"

"அவர் சம்சாரம் இருக்காங்க. அந்த அக்காகிட்ட நான் கேட்டு வாங்கிட்டு வரேன்" என்றாள் மனைவி.

"வேணாம், நான் போறேன்." நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "அவன் செத்தப்புறமும் நான் கையெழுத்துப் போட்டதை, கோர்ட்ல சொல்றதுக்கு முந்தி அவகிட்ட சொல்லணும்."

பத்தாவது கையெழுத்தை நின்றபடியே போட்டுவிட்டு, படிக்கட்டை நோக்கி நடந்தார்.