பேபியக்காவின் ஐந்து பிள்ளையார்கள்

"எங்கள் கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிடுவதைப்போல் சுகமான வேலை உலகத்தில் வேறு கிடையாது. அகல்யா அந்தச் சுகத்தை ஒரே புகாருக்கு மூன்று தடவை அனுபவித்திருந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்த புகார் அது. சரக்கு அனுப்பும் பிரிவில் பேபி என்று ஓர் அம்மா. அவருக்கு மத்தியானத்துக்கு மேல் திரையில் எழுத்து தெரியவில்லையாம். அந்தத் தொழிற்சாலையின் பழைய ஜாவா சாஃப்ட்வேரைப் பராமரிப்பது அகல்யாவின் கம்பெனி. தொழிற்சாலை இரண்டே பஸ் ஸ்டாப் தூரம்தான். ஆனாலும் நேரில் எட்டிப் பார்க்க மூன்று மாதமாக மகாராணிக்கு நேரம் ஒழியவில்லை. "மத்தியானத்துல எழுத்து தெரியலைன்னா கண் டாக்டரைப் பார்க்கணும், என்னை எதுக்குப் பார்க்கணும்?" என்று கேண்டீனில் சொல்லிச் சிரிக்க மட்டும் நேரம் இருந்தது.

நாலாவது தடவை டீம் லீடர் ஸ்ரீநாத் அவளை மூட விடவில்லை.

"நேர்ல போயிட்டு வா. அந்தம்மா ரெண்டு தடவை தப்பான நம்பர்ல சரக்கை அனுப்பிட்டாங்களாம். திங்கக்கிழமையிலேர்ந்து அவங்களைத் திரும்ப பேக்கிங்குக்கே மாத்தறாங்க. நம்ம பக்கம் தப்பில்லைன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடு."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்த ஒரு வரியை முன்கூட்டியே ஒரு காகிதத்தில் அடித்து எடுத்துக்கொண்டு அகல்யா போய் நின்றாள். பேபிக்கு முப்பத்தெட்டு வயது. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருகிறவர். பதினோரு வருஷம் பேக்கிங்கில் நின்றுகொண்டே பெட்டி ஒட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்து, போன வருஷம்தான் இந்த நாற்காலிக்கு வந்திருந்தார். நாற்காலியின் முதுகில் துவைத்து மடித்த துண்டு ஒன்று கிடந்தது. மேஜையில் இரண்டு மூக்குக் கண்ணாடிக் கூடுகள் இருந்தன.

"எதுக்குக்கா ரெண்டு கண்ணாடி?"

"ஒண்ணுல தெரியலன்னு இன்னொண்ணு. ஆவடில ஒரு டாக்டராண்ட போனேன். கண்ணு நல்லாத்தான் கீதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அவரு இன்னா டாக்டரோ. அப்பாலதான் கடையில நானே போய் இத்த வாங்கினேன். எங்க ஊட்டுப் பக்கத்துல மங்களம்னு ஒருத்தி, சக்கரைதான் கண்ணை அடிக்கும்ன்னா. டீல சக்கரை உட்டு ரெண்டு மாசம் ஆவுது பாப்பா."

அதைச் சொல்லும்போதுதான் அந்த முகம் உண்மையிலேயே வாடியது.

அகல்யா திரையைப் பார்த்தாள். அந்தக் காலத்துப் பாணியில், ஜன்னலுக்குக் கம்பி அடித்ததுபோல் பக்கத்தை மூன்று ஃப்ரேமாகப் பிரித்திருந்தார்கள். மேலே ஒரு பட்டையில் கம்பெனி பெயர்; அதன் பக்கத்தில் முதலாளி ஆசைப்பட்டு வைத்த பிள்ளையார் படம். இடது பக்கம் பட்டியல். வலது பக்கத்துப் பெரிய பெட்டியில்தான் வேலை நடக்கும். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. பேபியும் கண்ணாடி இல்லாமலே நாலைந்து நம்பர்களைத் தடதடவென்று வாசித்துக் காட்டினார்.

"பார்த்தீங்களா, எல்லாம் சரியா இருக்கு. இதுல ஒரு கையெழுத்துக்கா."

"போட்றேன். ஆனா மூணு மணி வரிக்கும் இருந்து பாத்துட்டு வாங்கிக்க. காலைல என் கண்ணு கழுகுக் கண்ணு. மத்தியானம்தான் மக்கர் பண்ணும். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு எடுத்தாந்துகீறேன், சேந்து சாப்பிடலாம்."

ஐயப்பன்தாங்கலில் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்த ஃபிளாட்டில் அகல்யா இருந்தாள். மூவருக்கும் சமையல் வராது. கடமை உணர்ச்சியால் அவள் அங்கே தங்கினாள் என்று சொன்னால் என் வாய் கோணிக்கொள்ளும். குழம்புக்காகத்தான் தங்கினாள்.

எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தன் லேப்டாப்பில் அதே பக்கத்தைத் திறந்து, விடாமல் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் தென்படவில்லை. பேபியோ வண்டி வந்தால் எழுந்து வெளியே போவார். பெட்டி எண்ணி ஏற்ற அரைமணி நேரம் ஆகும். திரும்பி வந்து பதிவு செய்வார். மறுபடி வண்டி வரும். மத்தியானம் குழம்பு, அகல்யா எதிர்பார்த்ததற்கும் ஒரு படி மேலே இருந்தது. சாப்பிட்டபின் லேசாகக் கண்கூட அயர்ந்தாள்.

மூன்று மணிக்கு பேபி கூப்பிட்டார். "ஆரம்பிச்சுட்ச்சு. வந்து பாரு."

அகல்யா மேஜையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தாள். பேய்முழி முழித்தாள்.

திரை முழுக்கக் கொலு வைத்ததுபோல் பிள்ளையார்கள். பெரிய பிள்ளையாருக்குக் கீழே கொஞ்சம் சின்னவர், அவருக்குக் கீழே இன்னும் சின்னவர் என்று மொத்தம் ஐந்து பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் கம்பெனி பெயர், இடது பக்கம் அதே பட்டியல். எல்லாவற்றுக்கும் கடைசியாக, வலது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள்ளே கடுகு கடுகாக நம்பர்கள்.

"இது என்னக்கா?"

"இன்னாது?"

"இத்தனை பிள்ளையார்."

"லோடுக்கு ஒருத்தரு. மேல கீறவரு காலைல வர்றவரு, அவரை எண்ணக் கூடாது. மிச்சம் நாலு பேரு. இன்னிக்கு ஏறினது நாலு லோடு. கணக்கு கரெக்டா கீதில்ல? டிரைவருங்ககூட எட்டிப் பாத்து இவங்களத்தான் எண்ணிகினு போவாங்க. முதலாளி சொல்லி நீங்க வச்சதுதானே?"

"இதை ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல? எழுத்து தெரியலைன்னு மட்டும்தானே எழுதினீங்க."

"புள்ளையாரு வர்றாருன்னு யாராவது கம்ப்ளைன்ட் குடுப்பாங்களா?" என்றார் பேபி.

நியாயமான கேள்வி. என்ன நடக்கிறது என்பது அந்த நொடியே அகல்யாவுக்கு விளங்கிவிட்டது. இருபது நிமிடம் யாரும் தொடாமல் விட்டால், அந்த சாஃப்ட்வேர் "நீ யார்?" என்று மறுபடி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பேபி வண்டி ஏற்றிவிட்டு வருவதற்குள் இருபது நிமிடம் தாண்டிவிடும். அந்தக் கேள்வி முழுத் திரையில் வராமல், வலது பக்கப் பெட்டிக்குள் வந்து உட்காரும். அதற்குள்ளேயே பேபி பாஸ்வேர்டைப் போட்டால் பட்டை, பட்டியல், பிள்ளையார் சகிதம் மொத்தப் பக்கமும் அந்தப் பெட்டிக்குள் குடிவந்துவிடும். அடுத்த வண்டிக்கு அந்தப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத அகல்யாவுக்கு இது ஏழு ஜென்மத்திலும் தெரிந்திருக்காது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுத்து ஏன் சுருங்குகிறது என்று யோசித்ததும் அவள் திரையிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள். மேனேஜர் அறைப் பெரிய டிவியிலும் அழகாகத் தெரியட்டும் என்று, பெட்டியின் அகலத்துக்குத் தக்கபடி எழுத்து தானே பெரிதாகவும் சிறிதாகவும் ஆகும்படி நாலு மாதத்துக்கு முன்னால் மாற்றியது யார்? சாட்சாத் அகல்யாதான். ஆபீஸில் கைகூடத் தட்டினார்கள்.

பையில் அந்த ஒரு வரிக் காகிதம் இருந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய், ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை பேபி பேக்கிங்கில் நிற்பார், கண் கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டே. அந்த மடித்த துண்டைப் பார்க்க அகல்யாவுக்கு வெட்கமாக இருந்தது.

"வாங்கக்கா, மேனேஜரைப் பார்க்கலாம்."

மேனேஜர் சண்முகசுந்தரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இந்த எழுத்து வேலையெல்லாம் உங்க கம்பெனில யார் செஞ்சது?" என்றார்.

"நான்தான் சார். மூணு தடவை புகார் வந்து, வந்து பார்க்காம மூடினதும் நான்தான்."

அவர் நம்பவில்லை. "பாவம்னு பழியை நீங்க ஏத்துக்கறீங்கம்மா. ரெண்டு கண்ணாடி வச்சிருக்கிறவங்களுக்குக் கண் நல்லா இருக்குன்னா எப்படி?" என்றவர், மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "பேபி, கண்ணாடியைக் கழட்டிட்டு இதைப் படிங்க பார்ப்போம்."

பேபி கண்ணாடியைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே இரண்டு அடி பின்னால் நகர்ந்து கதவோரம் நின்றார்.

"'திருமதி பேபி, பார்வைக் குறைவு காரணமாக, வரும் திங்கட்கிழமை முதல் பேக்கிங் பிரிவுக்கு...'" செருமிக்கொண்டு தொடர்ந்தார். "'மாற்றப்படுகிறார்.' கீழ உங்க கையெழுத்து கீது சார். அதுக்கும் கீழ பொடி எழுத்துல, 'நகல், கணக்குப் பிரிவு'."

சண்முகசுந்தரம் தன் காகிதத்தைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க அவர்தான் கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது.

"நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க" என்று நீட்டினார்.

"பின்னாடி வெள்ளையாதானே கீது சார், எதுக்குக் கிழிக்கணும்" என்று பேபி அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அகல்யா தானாகவே வந்தாள். பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால், உடனே அதை விட்டு வெளியே வந்து முழுத் திரையையும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாலு வரி எழுதியிருந்தாள். எழுத்தின் அளவையும் பழையபடி மாறாமல் நிறுத்தியிருந்தாள். முதல் வண்டி ஏறியது. பேபி திரும்பி வந்து பெயரும் பாஸ்வேர்டும் போட்டார். பக்கம் திரை நிறைய விரிந்தது. நம்பர்கள் காலையில் இருந்த அளவிலேயே இருந்தன.

பேபி திரையை மேலும் கீழும் தேடினார். "மிச்சப் பேரு எங்க பாப்பா?"

"இனிமே ஒருத்தர்தான்க்கா."

"அப்போ லோடை எப்படி எண்றது?" என்று ஒரு நிமிடம் யோசித்தார். இழுப்பறையைத் திறந்து அந்த மாற்றல் உத்தரவை எடுத்து, வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி வைத்தார். உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார். "இவரு காலைல வர்றவரு, எண்ணக் கூடாது" என்று அகல்யாவுக்குச் சொன்னார். அதன் கீழே, ஏறின லோடுக்கு இன்னொரு சுழி.

"அந்த ஆவடி டாக்டரை ஊரெல்லாம் திட்டி வச்சிட்டேன். போய் மன்னிப்பு கேக்கணும்" என்றவர், ஜன்னலுக்கு வெளியே தட்டோடு போன டீக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, ரெண்டு டீ குடு. ரெண்டுலயும் சக்கரை தூக்கலா."