மைதீன் தோளில் இருந்த கை

நான்கு விரல்கள், கட்டைவிரல் முதுகுப்பக்கம் போய்விட்டதால் நான்குதான், மைதீனின் நீலச் சட்டைத் தோளை இறுக்கிப் பிடித்தபடி கணினித் திரையில் பெரிதாகிக்கொண்டே வருகின்றன, ஜெயசிங் மவுசை உருட்ட உருட்ட நடுவிரல் நகத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த மைதானத்துச் செம்மண்கூடத் தெரிகிறது, கைக்கு உரியவனை அவன் அரைமணி நேரத்துக்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டான், தலை போயிற்று, நெஞ்சு போயிற்று, இந்த விரல்கள் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கின்றன. எட்டு வருடத்துக்கு முந்தைய கல்லூரி அணியின் படம் அது, இடப்பக்கம் மைதீன், வலப்பக்கம் இசக்கிதுரை, நடுவில் இருவர் தோளிலும் கைபோட்டு அவர்களைவிட ஒரு தலை உயரமாக நின்றவன் கோல்கீப்பர் ராயப்பன், நாளை சனிக்கிழமை மாலை கொல்கத்தாவில் தேசிய லீக்கின் பைனல், ஒரு பக்கம் மைதீன் முன்வரிசையில், எதிர்ப்பக்கம் இசக்கிதுரை பின்வரிசையில், ஒரே கல்லூரியில் ஒரே பந்தை உதைத்த இரண்டு பேர், பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரியின் கேலரியில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் சும்மா இருக்க முடியுமா, காலேஜ் முக்கில் இருபதடி பிளெக்ஸ் வைப்பதென்று முடிவாகி, பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயசிங்கிடம் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள் வக்கீல் குமாஸ்தா பேச்சிமுத்துவும் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் டென்சிங்கும். மைதீன் ரெண்டு கோல் போடுவாம்லே, எழுதி வச்சுக்கிடு என்கிறான் பேச்சிமுத்து, இசக்கிதொரையத் தாண்டி எங்கலே போவான் என்கிறான் டென்சிங், பிராக்டிஸ்ல எத்தன தடவ தாண்டிருக்கான், அது பிராக்டிஸ்லே கோட்டிக்காரா, மேட்ச்சுல இசக்கிதொர காலத்தான் பாப்பான், பந்தப் பாக்க மாட்டான், இப்படியே இரண்டு மணி நேரம், இடையில் டென்சிங் திரையைப் பார்த்து, அந்த விசில அந்தால தூக்குல, நடுவுல கப்பு படத்தப் போடு என்றான். விசில் என்பது ராயப்பன்.

அந்தப் பெயரை வைத்தவன் ஜெயசிங், ஏன் வைத்தான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும், தோளின் நீலத்தை எடுத்து விரல்களின்மேல் பூசும்போது அவன் திரையை விட்டு நழுவி கேலரியின் மூன்றாவது படியில் போய் நிற்கிறான், வெயில் சாய்ந்த நேரம், கல்லூரிகளுக்கிடையேயான பைனல், ஒன்றுக்கு ஒன்று, எண்பத்தெட்டாவது நிமிடம், அவன் மடித்த நாக்குக்கடியில் இரண்டு விரல்களை வைத்து ஊதினால் ரெப்ரியின் விசிலுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, முதல் பாதியில் அப்படி ஒரு தடவை ஊதி எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு நின்றுவிட, கேலரியே உருண்டு புரண்டு சிரித்தது, அந்தச் சிரிப்பின் ருசி வாயிலேயே இருந்தது, இப்போது எதிரணியின் ஒல்லியான பையன் தனியாக ஓடி வருகிறான், பந்து அவனுக்கு முன்னால் கொஞ்சம் நீளமாக உருண்டுவிட்டது, ராயப்பன் முன்னேறி வந்து குனிகிறான், இன்னும் இரண்டு எட்டு, அள்ளிவிடுவான், கண்ணை மூடிக்கொண்டுகூட அள்ளிவிடுவான், ஆனால் ஜெயசிங்குக்குப் பொறுக்கவில்லை, ஒல்லியானவனை நிறுத்திவிடலாம் என்று ஊதினான், எல்லாரும் பந்தையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததில் யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒல்லியானவன் நிற்கவில்லை. நின்றவன் ராயப்பன், நிமிர்ந்து கையைத் தூக்கி, ப்ரீகிக் எங்கே வைக்க வேண்டும் என்று ரெப்ரியைப் பார்த்துக் கேட்கிறான், பந்து அவன் கால் பக்கமாக உருண்டு போய்க்கொண்டிருக்கிறது, ஒல்லியானவன் அதைச் செல்லமாகத் தட்டி வலைக்குள் விடுகிறான்.

விசில் அடிச்சாவ சார், விசில் அடிச்சாவ சார் என்று ராயப்பன் ரெப்ரியின் பின்னாலேயே ஓடினான், பிறகு மைதீனிடம் ஓடினான், ஒனக்கு கேட்டுதுல்லா, மைதீன் தலையைக் குனிந்துகொண்டான், இசக்கிதுரையிடம் ஓடினான், அவன் ஷூ நாடாவைக் கட்ட உட்கார்ந்துவிட்டான், அப்புறம் கேலரியைப் பார்த்துக் கையை நீட்டினான், அந்தக் கை தன்னை நோக்கி வருவதற்குள், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள், ஜெயசிங் எழுந்து நின்று கத்தினான், ஏலே விசிலு, காதுல என்னல கோளாறு, கேலரி ஒரு விநாடி திகைத்துப் பிறகு கொல்லென்று சிரித்தது, தோற்றுப்போன கூட்டத்துக்குக் கடித்துத் துப்ப ஏதாவது வேண்டியிருந்தது, அவன் கொடுத்தான். அன்றைக்கு மூன்று பேரைப் பார்க்க வந்திருந்த கிளப் ஏஜென்ட் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். விடுதி மெஸ்ஸில் ராயப்பன் சோற்றை வாய்க்குக் கொண்டு போகும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு விசில், கை நிற்கும், சிரிப்பு, மறுபடி எடுத்தால் மறுபடி விசில், நான்காம் நாள் அவன் மெஸ்ஸுக்கு வரவில்லை, பரீட்சைக்கும் வரவில்லை, கடற்கரையில் இருக்கிற தன் ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். எப்போதாவது ஜெயசிங்குக்கு ஒரு கனவு வரும், அவனே கோலில் நிற்பான், பந்து நத்தைபோல் வரும், குனிந்தால் இரண்டு கையும் வாய்க்குள் இருக்கும், எடுக்க வராது.

மூன்று வருடம் முன்பு கல்யாணமாகி ராயப்பன் டவுனுக்குக் குடிவந்து வேலை தேடி அலைந்தபோது ஜெயசிங்தான் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டான், பிளெக்ஸ் கட்டுகிற வேலை, மற்றவர்களுக்கு ஏணி வேண்டிய இடத்தில் அவனுக்குக் கை போதும், பரிகாரம் செய்துவிட்டோம் என்று ஜெயசிங் தனக்குள் சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டே, விசிலு, அந்தக் கயிற எடு, விசிலு, டீ வாங்கிட்டு வா என்றான், வேறு பெயர் அவன் நாக்குக்கு வரவில்லை. ஜெயசிங்கின் மகள் ஜெனிலாவுக்கு நாலு வயது, கடைக்கு வந்தால் ராயப்பனை விடமாட்டாள், அவன் தூக்கிப் பிடித்தால் கூரைச் சட்டத்தைத் தொட்டுவிடலாம், இன்னும் மேல இன்னும் மேல என்று கத்துவாள், பந்தைப் பிடிக்கிற மாதிரி அவளை இரண்டு கையாலும் பிடித்திருப்பான்.

மத்தியானம் அவன் வந்தான், அச்சாகி வந்த பிளெக்ஸைத் தரையில் விரித்தார்கள், இரண்டு வீரர்கள், நடுவில் தங்கநிறக் கோப்பை, மேலே எங்கள் மண்ணின் சிங்கங்கள், கீழே ஜெயசிங், பேச்சிமுத்து, டென்சிங் மூவரும் கூலிங்கிளாஸோடு. ராயப்பன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து ஓரத்து வளையங்களைச் சரிபார்த்தான், நடுவில் வந்து நின்றான், மைதீன் தோளு ஏன் இப்படி கோணியிருக்கு என்று கேட்டான். பேச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான், அவன் சிரிப்பு தெருவிலிருந்து கேட்டது. ராயப்பன் முட்டிபோட்டு உட்கார்ந்து அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினான், சுருக்கத்தை நீவுகிறவன்போல, பிறகு பிளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, போவமா என்றான்.

காலேஜ் முக்கில் சவுக்குக் கம்பங்களின்மேல் ஏறி அவன் கட்டிக்கொண்டிருக்கிறான், கீழே மூன்று பேரும், இன்னும் பத்துப் பன்னிரண்டு பழைய ஆட்களும், விசிலு, ரைட்ல ஏத்து, விசிலு, லெப்ட்ல இறக்கு, ஒருவன் சும்மாவே ஊதிப் பார்க்கிறான், அப்போதுதான் டென்சிங்கின் போனில் வீடியோ கால், மைதீன், ஓட்டல் அறைக் கட்டிலில் சாய்ந்திருக்கிறான், ஆளுக்கு ஆள் முகத்தை நுழைத்து, நாளைக்கு ரெண்டு போட்டுருல என்று கத்த, அவன் சிரித்து, பிளெக்ஸைக் காட்டச் சொல்லி, மேல நிக்கது யாருல, ராயப்பனா என்றான். அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு நொடி யாருக்கும் யாரென்று புரியவில்லை. அவன்ட்ட போன நீட்டுல என்றான் மைதீன், டென்சிங் கையை உயர்த்திப் பிடித்தான், ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது, லேய் ராயப்பா, பைனலுக்கு முன்னாடி ஒறக்கமே வரல, அன்னைக்கி நீ ஓடி வந்து கேட்டேல்லா, எனக்கும் அந்த விசில் கேட்டுது, நல்லாவே கேட்டுது, ஏஜென்ட் பாத்துக்கிட்டு இருந்தாரு, எதுக்கு வம்புன்னு வாய மூடிட்டேன், இசக்கிதொரைக்கும் கேட்டிருக்கு, போன வருசம் அவனே சொன்னான், நாளைக்கு மேட்ச்சுக்கு முன்ன டீவில பேட்டி எடுக்காவ, அதுல நான் சொல்லப்போறேன், கிளப்புலயும் பேசிருக்கேன், சின்னப் பயலுவளுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்குடுக்க ஆள் தேடுதாவ, ஆனா யாருல அந்த விசில அடிச்சது, தெரியுமா?

டென்சிங் விளையாட்டாகத்தான் சொன்னான், அந்தக் கேலரில ரெப்ரி மாதிரி அடிக்கது நம்ம ஜெயசிங் ஒருத்தன்தாம்லா, சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது, சிரிப்பு பாதியில் நிற்க, எல்லாத் தலைகளும் திரும்பின, எட்டு வருடம் முன்பு திரும்பியிருக்க வேண்டிய தலைகள். ஜெயசிங் மேலே பார்த்தான், கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி ராயப்பன் அவனையே பார்க்கிறான், கோபமாக இல்லை, பந்து வருகிற திசையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான், சொல்லிவிடலாம், ஒரு சொல், ஆமா, அவ்வளவுதான், சொல்லத்தான் வாயைத் திறந்தான், எம் மவ ஜெனிலா மேல சத்தியமா நான் இல்ல என்றது வாய், ஆண்டவர் அறிய, எம் புள்ள நல்லாருக்க மாட்டா, நான் அடிச்சிருந்தா, இவனுக்குப் பந்து பிடிக்கத் துப்பில்ல, அதுக்கு நானா கெடச்சேன்?

மேலிருந்து, மைதீனு என்று குரல் வந்தது, மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அவன் இல்ல மைதீனு, விசிலே கேக்கல, பந்து கைய விட்டுப் போயிட்டு, அவமானத்துல நாந்தான் பொய் சொன்னேன், ஒனக்கு வேற எதாவது கேட்டிருக்கும். போனில் மைதீன், போல மூதி, நான் எட்டு வருசமா ஒறங்காம கெடக்கேன் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தான். கீழே சிரிப்பு வெடித்தது, ஒத்துக்கிட்டாம்லே, அவனே ஒத்துக்கிட்டான், பேச்சிமுத்து ஜெயசிங்கின் முதுகில் ஓங்கி அறைந்தான், ஜெயசிங்குக்கு அப்போது வந்தது வெட்கம் இல்லை, பசி, காலையிலிருந்து சாப்பிடாத பசி.

கூட்டம் டீக்கடைப் பக்கம் நகர்ந்த பிறகு ராயப்பன் இறங்கினான், கையில் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது, ஜெயசிங் ஏதோ சொல்ல வந்தான், அவன் விடவில்லை. மேட்ச்சுக்கு மறுநாள் காலையிலேயே தெரியும் எனக்கு, கேலரிக்குக் கீழ நின்ன வாட்ச்மேன் சொன்னாரு, நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன், ஒரு வருசம் பாத்தேன், பொறவு பாக்கத விட்டுட்டேன், ஒங்கூட வேலைக்கி வந்தப்ப திரும்பவும் கொஞ்சம் பாத்தேன், அது எம் தப்பு. கயிற்றைச் சுருட்டி ஜெயசிங்கின் கையில் வைத்தான். புள்ள மேல எதுக்கு சத்தியம் பண்ணுன, அது என்ன செஞ்சுது ஒனக்கு, அதான் நான் பொய் சொல்லிட்டேன், இப்ப ஒன் சத்தியம் மெய்யாயிட்டு, போ.

ஜெயசிங் போனான், சாப்பிட்டான், தூங்கினான், நன்றாகவே தூங்கினான். சனிக்கிழமை மாலை காலேஜ் முக்கில் வெள்ளைத்துணி கட்டிப் படம் விழுந்தது, இருநூறு பேர், ஜெனிலா அவன் தோளில், ஆட்டத்துக்கு முந்தைய பேட்டியில் மைதீன் சிரித்துச் சிரித்துச் சொன்னான், எங்க காலேஜ்ல ஒரு கீப்பர், விசில்னு பேரு, எட்டு வருசம் எங்கள ஏமாத்திட்டான், நேத்துதான் ஒத்துக்கிட்டான், இருநூறு பேரும் வாயில் விரலை வைத்து ஊதினார்கள், காது கிழிந்தது, ஜெனிலா குனிந்து அவன் காதுக்குள், அப்பா நீ அடி, நீதான் நல்லா அடிப்ப என்றாள், அவன் அடித்தான். அன்றைக்கு மைதீனின் கால் எதற்கும் வளையவில்லை, எழுபதாவது நிமிடம் வெளியே எடுத்துவிட்டார்கள், இசக்கிதுரையின் அணி ஒன்றுக்குச் சைபர், ஆட்டம் முடிவதற்குள் மைதீனுக்கு இங்கே இரண்டு பெயர் வைத்துவிட்டார்கள், இரண்டும் எழுதக்கூடியவை அல்ல, அடுத்த பிளெக்ஸ்ல இசக்கிதொர மட்டும் போதும்லே, இவனையும் வெட்டிரு என்றான் பேச்சிமுத்து.

ஞாயிற்றுக்கிழமை பிளெக்ஸை இறக்க ராயப்பன் வரவில்லை, திங்கட்கிழமையும் வரவில்லை, செவ்வாய்க்கிழமை காற்றில் ஒரு பக்கம் கிழிந்து தொங்க ஆரம்பித்ததும் ஜெயசிங் போன் போட்டான், நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தது ராயப்பனின் மனைவி, அவள் பின்னால் கடலிரைச்சல் மாதிரி ஏதோ, ஊருக்கே போய்விட்டார்களோ என்று நினைத்தான், கேட்க வந்ததை விட்டுவிட்டு, பழக்கத்தில், விசில் இருக்கானாம்மா என்றான். அப்படி யாரும் இங்கன இல்ல என்றாள் அவள், சண்டைக்காரக் குரலில் இல்லை, தப்பான எண்ணுக்கு வந்தவனிடம் சொல்வதுபோல, வைத்துவிட்டாள். ஜெயசிங் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான், கடையில் யாரும் இல்லை, ராயப்பன் என்று சொல்லிப் பார்த்தான், சரியாகத்தான் வந்தது, இன்னொரு தடவை சொன்னான்.