வாழ்ந்து வருகிறோம்

அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் வளர்மதிக்கு அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பது உறைத்தது. பதினோரு மணிக்கு உத்திரமேரூர் தாலுகா ஆபீசில் விசாரணை. மனுதாரர் பஞ்சாட்சரம் நேரில் வர வேண்டும். மனுதாரரோ விடியற்காலையிலேயே கண்ணை மூடிவிட்டார்.

காவாந்தண்டலம் ஏரிக்கரையோரம் பதினாறு இருளர் குடும்பங்கள். அத்தனை பேருக்கும் மனைப்பட்டா கேட்டு நாற்பது வருடம் நடந்த கால்கள் அப்பாவுடையவை. போன வருடம் மனு தள்ளுபடியானது. வளர்மதி பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பவள். தமிழ் மனுவையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படித்தபோது காரணம் பிடிபட்டது. ‘இங்கே வாழ்ந்து வருகிறோம்’ என்று அப்பா எழுதச் சொன்னதை, யாரோ ஒரு புண்ணியவான் ‘லிவ்ட் ஹியர்’ என்று முடித்து வைத்திருந்தார். எப்போதோ இருந்தார்களாம், போய்விட்டார்களாம். இல்லாதவர்களுக்கு யார் பட்டா கொடுப்பார்கள்? மறுவிசாரணை கேட்டு எழுதிப் போட்டது அவள்தான்.

“ம்மா, இன்னிக்குத்தான் ஹியரிங்.”

கங்கம்மாள் கணவனின் பாதங்களை மடியில் வைத்திருந்தாள். “போ.”

“நைனாவ இப்பிடிப் போட்டுட்டா?”

“நீ வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம். போயிட்டு வா.”

தலையைக்கூட வாராமல் பஸ் ஏறினாள்.

விசாரணை அதிகாரி வடக்கேயிருந்து வந்த பெண். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார். “மனுதாரர் எங்கே?”

“காலைல எறந்துட்டாரு மேடம். நான் அவரு பொண்ணு.”

அதிகாரியின் பேனா நின்றது. பக்கத்திலிருந்த குமாஸ்தா குனிந்தார். “அப்போ ‘லிவ்ட்’டுன்னு இருக்கிறது சரியாப் போச்சு மேடம். ஃபைலை முடிச்சிடலாம்.”

 வளர்மதி தமிழ் மனுவை மேசைமேல் விரித்து அந்தச் சொல்லில் விரலை வைத்தாள்.

“‘லிவ்ட்’டுன்னா யாரு வாழ்ந்தாங்கன்னே தெரியாது மேடம். எங்க நைனா ‘வாழ்ந்தேன்’னு சொல்லல. ‘வருகிறோம்’னாரு. கடைசில ‘றோம்’னு வருது பாருங்க, அது நாங்க எல்லாரும். அவரு ஒருத்தரு போயிட்டாரு. நாங்க கீறோம்.”

“‘வருகிறோம்’ என்றால் எங்கே வருகிறீர்கள்?”

“நடந்து வர்றது இல்ல மேடம். அன்னிக்கு ஆரம்பிச்சது இன்னி வரைக்கும் வந்துகினே கீது. நடுவுல நிக்கல.”

அதிகாரி தன் மொழியான இந்தியில் முணுமுணுத்துப் பார்த்தார். “ரஹதே ஆ ரஹே ஹைன்...” சட்டென்று நிமிர்ந்தார். “எங்கள் மொழியிலும் இதற்கு ‘வருவது’தான்! மொழிபெயர்த்தவர்தான் உங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டார்.”

‘லிவ்ட்’டை அடித்து, மேலே ‘ஹேவ் பீன் லிவிங்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மனுதாரர் இடத்தில் கங்கம்மாளின் பெயர் ஏறியது. பதினாறு வீடுகளுக்கும் பட்டா வழங்க உத்தரவு. “சர்வேயர் இன்றைக்கே வருவார்,” என்றார் குமாஸ்தாவைப் பார்த்து.

ஏரிக்கரையில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்த வளர்மதி, காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

“இன்னா ஆச்சு?” என்று யாரோ கத்தினார்கள்.

“பதினாறு வூட்டுக்கும்!”

மேளம் ஒரு கணம் நின்றது. பிறகு அடி மாறியது. குழி வெட்டிவிட்டு வந்தவர்கள் மண் ஒட்டிய கால்களோடு ஆடினார்கள். பாடையின் முன்னால் அப்படியோர் ஆட்டத்தை அந்தக் கரை பார்த்ததில்லை. கங்கம்மாள் உத்தரவை வாங்கிக் கணவனின் மார்பில் ஒரு நிமிடம் வைத்தாள். பின் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “இது அவரோட போவக்கூடாது.”

பாடை புறப்பட்டபோது சர்வேயர் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்வலம் கடக்கும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு, உத்தரவை மகளிடம் கொடுத்துவிட்டு ஏரியில் தலைமுழுகி வந்த கங்கம்மாளிடம் தயக்கத்தோடு கேட்டார்: “வடக்கு மூலை எதும்மா?”

கங்கம்மாள் ஈரப் புடவையோடு போய் அந்த இடத்தில் நின்றாள். அவள் காலடியிலிருந்து அவர் அளவுச் சங்கிலியை இழுக்கத் தொடங்கினார்.