மடிப்புக்காரி

கணவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கும் பெண்களை, இனிமேல் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவது என்று தையல்காரி முடிவு செய்திருந்தாள். கார் தொழிற்சாலை நின்று மூன்றாவது வாரம். அதற்குள் அவள் கணவர் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷினைக் கழற்றி மாட்டி, ஒரு ஸ்க்ரூவை மிச்சம் பிடித்திருந்தார். உப்பு எங்கே என்று சொந்த வீட்டிலேயே அவள் விசாரிக்க வேண்டியிருந்தது.

தொழிற்சாலை நின்றதற்குக் காரணம் ஒரு பூட்டு. அதுவும் கடல் தாண்டித் தொங்கும் பூட்டு. காருக்கான ஒயர்க்கட்டுகள் ஓர் ஏழை நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. அங்கே வேலை நேரத்தில் பெண்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுவார்கள். ஒருநாள் தீப்பிடித்தது. ஜன்னலை உடைத்துத் தப்பியவர்கள், பூட்டை எடுத்தால்தான் வருவோம் என்று தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே கேட்க நாதியில்லை, போலீஸ்தான் வந்தது. இங்கே ஒயர் இல்லாமல் கார் நின்று, கார் நின்றதால் வேலை நின்று, தொழிற்சாலைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக்கடை ஈயோட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தியைக் கணவருக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. வந்த கட்டைப் பிரித்துக் காரில் மாட்டுவது அவர் வேலை. கட்டைச் சுற்றிய நீல டேப்பின் நுனியை அவள் மட்டும் சின்னதாக மடித்துவிடுவாள். நகத்தால் சுரண்ட வேண்டாம், ஒரே இழுப்பில் வந்துவிடும். அவள் கட்டு வந்த அன்றைக்கெல்லாம் சாப்பிடும்போது அவள் புராணம்தான். மடிப்புக்காரி என்று தையல்காரிதான் பெயர் வைத்தாள், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு. கட்டிய பெண்டாட்டி தைத்துக் கொடுத்த சட்டையை ஒருநாளாவது இப்படிப் புகழ்ந்திருப்பாரா?

அன்று மாலை நல்ல செய்தி வந்தது. வேறொரு கம்பெனி ஒயர் தரத் தயார். அதை மாட்டத் தொழிலாளர்கள் சம்மதித்தால் திங்கட்கிழமையே வேலை. காலையில் சங்கத்தில் கை தூக்க வேண்டும். அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அவர் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, ஆர்டர் கைமாறிவிட்டால் அந்தப் பெண்களைச் சீந்த ஆளிருக்காது, பூட்டும் அப்படியே தொங்கும் என்றார். வேண்டாம் என்று சொல்லலாம்தான், ஆனால் என்னை வீட்டில் வைத்துக்கொண்டு நீ படும் பாடும் தெரிகிறதே என்று இழுத்தார்.

அவள் டப்பா வரிசையைப் பார்த்தாள். மிச்சமிருந்த ஸ்க்ரூவைப் பார்த்தாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே புரியவில்லை.

“அந்தப் பூட்டை எடுக்கற வரைக்கும் நீங்க வீட்லயே இருங்க, நான் சமாளிச்சுக்கறேன்,” என்றாள். “ஆனா இன்னொரு தடவை மிஷினைத் தொட்டீங்க, உங்களை உள்ள வச்சு நானே பூட்டிடுவேன்.”

சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றுதான் கை தூக்கினார்கள். கார் விற்க முடியாமல் தவித்த முதலாளிகள் பழைய ஒயர்க் கம்பெனியை நெருக்கியதில், அத்தனை நாளாக அவர்கள் காதில் ஏறாத பூட்டு ஒரே வாரத்தில் கழன்றது. அந்த வாரத்தில் அவர் துணி அலமாரியையும் அடுக்கி முடித்திருந்தார்.

வேலைக்குப் போன முதல் நாள் மாலை, வீட்டுப் படியேறும்போதே வாயெல்லாம் பல்லாக வந்தார். சட்டையின் மேல் ஒரு துண்டு நீல டேப் ஒட்டியிருந்தது, நுனியில் சின்ன மடிப்போடு. தையல்காரி அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தாள். அவர் சொன்னபடியே ஒரே இழுப்பில் வந்தது.

“கெட்டிக்காரிதாங்க,” என்று ஒப்புக்கொண்டு, அதைத் தையல் மிஷினில் ஸ்க்ரூ இல்லாத ஓட்டையின் மேல் அழுத்தி ஒட்டினாள்.